துளைக்கல்: இனங்காணலும் காலக்கணிப்பும் பெயரிடலும்

முன்னுரை

நடுவே துளையுடைய வட்டக் கற்கருவி, தொல்லியல் நூல்களில் ‘கதைத்தலை’, ‘தோண்டுகோல் பளு’, ‘வலைக்குண்டு’, ‘வளையக்கல்’ எனப் பலவாறு சுட்டப்பெறுகிறது. இவற்றுள் முதல் மூன்றும் பயன் குறித்த பெயர்கள். இறுதியது வடிவு குறித்த பெயர். எதனைத் தெரிவது என்பது மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தைச் சார்ந்ததன்று. பொருள் தரும் சான்றைச் சார்ந்தது. அச்சான்றின் இயல்பையும் எல்லையையும் அந்தமான் தீவுகளின் தொல்லியலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இனங்காணல்

கடற்கரை நிலத்தில் எழும் முதல் வினா, துளை மனிதர் இட்டதா என்பதே. கல்லால் கொத்தியும் மணலிட்டுத் தேய்த்தும் இருபுறமிருந்து மனிதர் இட்ட துளை, வாயில் அகன்று நடுவில் ஒடுங்கி உடுக்கை போன்றிருக்கும். கல்லைக் குடையும் சிப்பியினம் இட்ட துளையோ வாயில் ஒடுங்கி உள்ளே அகன்று குடுவை போன்றிருக்கும். சிறிய உயிராக உட்புகுந்து, உள்ளேயே வளர்வதே இதற்குக் காரணம். மென்மையான மணற்கல்லிலும் பவளச் சுண்ணக்கல்லிலும் இவ்வேறுபாட்டை நோக்காது முடிவு கூறுதல் பொருந்தாது.

அடுத்து நோக்கத்தக்கது தேய்வு. துளையின் உட்சுவர் சுற்றிலும் மழமழப்பாயின் மரக்கோல் செருகப்பெற்றிருக்கலாம். ஒருபுறம் மட்டும் தேய்ந்திருப்பின் கயிறு கட்டப்பெற்றிருக்கலாம். விளிம்பு சிதைந்திருப்பின் அடிக்கப் பயன்பட்டிருக்கலாம். தென்னாப்பிரிக்கச் சான் மக்கள் கிழங்கு அகழும் கோலுக்குப் பளுவாகத் துளைக்கல்லைச் செருகினர். நியூகினி மக்கள் ஏறத்தாழ அதே வடிவக் கல்லைப் போர்க்கதையின் தலையாக்கினர். வடிவு ஒன்றாயினும் பயன் வேறு என்பதற்கு இவை தக்க சான்றுகளாம்.

காலக்கணிப்பு

வடிவு காலத்தையும் காட்டுவதில்லை. ஆப்பிரிக்காவில் பனியூழியின் இறுதியிலேயே துளைக்கற்கள் வழங்கின. தென்னிந்தியாவில் அவை ஏறத்தாழ கி.மு. 3000 முதல் 1200 வரையிலான புதிய கற்காலக் களங்களில் கிடைக்கின்றன. நியூகினியிலோ 20ஆம் நூற்றாண்டு வரை பயன்பாட்டில் இருந்தன. கல்லைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தவும் இயலாது; அது கிடைத்த மண்ணடுக்கின் கரி, எலும்பு, சிப்பி ஆகியவற்றையே கணிக்க இயலும். அவற்றுள்ளும் சிப்பி, கடல்நீரின் பழங்கரிமத்தை ஏற்பதால், உண்மைக் காலத்தினும் சில நூறு ஆண்டுகள் முந்தியதாகத் தோன்றும். அதனைத் திருத்திக் கொள்ளல் வேண்டும்.

அந்தமானின் சிப்பிக் குப்பைமேடுகளைப் பற்றி ஸ்டோலிச்கா 1870இல் வங்காள ஆசியக் கழகத்தின் வழி அறிவித்தார். அக்காலத்தில் கரிமக் கணிப்பு இல்லை. 1980களில் சரின் கூப்பர் தென் அந்தமானின் சௌல்தாரி மேட்டை அகழ்ந்த பின்னரே, அதன் தொன்மை ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் எனப் புலனாயிற்று. இது அம்மேட்டின் காலமேயன்றி, மக்கள் தீவை அடைந்த காலமன்று. அடுக்கினின்று பிரிந்து நிலமேற்பரப்பில் கிடைக்கும் கல்லுக்கு இத்தொன்மையை ஏற்றிக் கூறுதலும் ஏற்புடையதன்று. 1858இல் போர்ட் பிளேரில் ஏற்பட்ட குடியேற்றத்தின் பின் வந்தோர் பொருளாகவும் அது இருத்தல் கூடும்.

பெயரிடல்

பயன்பற்றிய ஐயத்தைச் சில வேளைகளில் மொழியே தீர்க்கிறது. அந்தமானியப் பெண்கள் படிகக்கல்லிலிருந்து பெயர்த்த சில்லுகள் மயிர் மழிக்கவும் உடலிற் கீறவும் பயன்பட்டன என்பதையும், பின்னர் புட்டிக் கண்ணாடி அவற்றின் இடத்தைப் பெற்றது என்பதையும் ஈ. எச். மேன் 1880களில் பதிவு செய்தார். அம்மக்களின் மொழியறிந்து வினவியதால் கிடைத்த செய்தி இது. அது கிடைத்திராவிடின், அச்சில்லுகள் ‘அம்புமுனை’ என்றோ ‘சுரண்டி’ என்றோ பெயர் பெற்றிருக்கும்.

அவ்வாறு வினவும் வாய்ப்பு இன்று பெரிதும் குன்றிவிட்டது. மேன் ஆராய்ந்த அகா-பேயா மொழி மறைந்தது. அகா-போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். மொழி மறையுங்கால் கருவியின் பெயரோடு அதன் பயனும் மறைகிறது.

முடிவுரை

எனவே, தேய்வும் அடுக்கும் உறுதி செய்யாதவிடத்துத் ‘துளைக்கல்’ என்னும் வடிவுப் பெயரே தக்கதாகும். மூலநூலார் ‘கதைத்தலை’ எனப் பொருள்படும் சொல்லை ஆண்டிருப்பின், மொழிபெயர்ப்பாளர் அதனை அவ்வாறே பெயர்த்து, அது அவர்தம் கருத்து என்பது விளங்க வைத்தல் நன்று. கலைச்சொல் ஒன்று அகராதியில் ஏறியபின், சான்றின்றிக் கூறப்பெற்ற ஊகமும் நிறுவப்பெற்ற உண்மைபோல் வழங்கத் தொடங்கிவிடுகிறது.