சட்டம் அடக்கிய கோபம்

சப்பிரகமுவாத் தோட்டங்களில் துரையிடம் வாய் காட்டுவது ஒருகாலத்தில் குற்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, கடும் அவமரியாதைக்கு 3 மாதம் வரை மறியல்! 1920களின் தொடக்கத்தில்தான் அது ஒழிந்தது. அதுவரை கோபம் எங்கே போனது? பாட்டுக்குள் போனது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணிமார் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

பழிதீர்க்க முடியாமல் விழுங்கிய கோபம் உள்ளே திரும்பிக் குரோதமாக உறைகிறது என்கிறார் இமாம் கஸ்ஸாலி, இஹ்யாவில். வல்லமை இருந்தும் பொறுப்பது வேறு. வாய்திறக்க வழியின்றிப் பொறுப்பது வேறு. தோட்டத்தாரைப் 'பொறுமைசாலிகள்' என்று நம்மவர்கள் புகழும்போது எனக்கு இதுதான் உறுத்தும்.

கேகாலைப் பக்கம் நான் படிப்பிக்கிற வகுப்பிலும், "சும்மா இரு" என்றால் பிள்ளை அடங்கிவிடும், கோபம் அடங்காது. "என்ன மகன் நடந்தது?" என்று ஒருக்கா கேட்டால், முதலில் அழும், பிறகு சொல்லும்.