துப்பாக்கியை வாங்கியாச்சு... அடுத்து என்ன? லைபீரியாவில் ஐ.நா. அமைதிப்படையின் 15 ஆண்டுக் கதை

2003 டிசம்பர் 7. மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவுக்கு வெளியே உள்ள ஷிஃபெலின் ராணுவ முகாம். "துப்பாக்கியை ஒப்படையுங்கள், உதவித்தொகை பெறுங்கள்" என்று ஐ.நா. அறிவித்திருந்தது. சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்ததோ ஆயிரக்கணக்கில். தங்க இடமில்லை, சாப்பாடு போதவில்லை, கையில் கொடுக்கப் பணமும் தயாராக இல்லை. கோபம் தலைநகரின் தெருக்களுக்குப் பரவியது. துப்பாக்கிச் சூடு, கொள்ளை, உயிரிழப்பு எனப் போய், திட்டமே நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்க 2004 ஏப்ரல் ஆகிவிட்டது.

போர் முடிந்த நாட்டில் அமைதி என்பது எத்தனை ராணுவ வீரர்களை இறக்குகிறோம் என்பதில் மட்டும் இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தவனுக்கு மறுநாள் காலையில் என்ன வேலை என்பதும் அதே அளவு முக்கியம். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய ஐ.நா. எடுத்த பெரிய முயற்சிகளில் ஒன்று லைபீரியா. அங்கே எது எடுபட்டது, எது எடுபடவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, என்ன போர் இது?

1989 கடைசியில் சார்லஸ் டெய்லர் தலைமையிலான கிளர்ச்சிக் குழு ஐவரி கோஸ்ட் எல்லை வழியாக உள்ளே நுழைந்ததில் தொடங்கியது. நடுவில் ஒரு இடைவெளி. 1997 தேர்தலில் அதே டெய்லர் அதிபரானார். இரண்டே ஆண்டுகளில் அவருக்கு எதிராக வேறு குழுக்கள் ஆயுதம் தூக்கின. 2003 வரை நீண்ட இந்த இரண்டு போர்களிலும் சேர்த்து சுமார் இரண்டரை லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே சுமார் 30 லட்சம்தான்.

2003 ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஒரு வாரத்தில் கானா தலைநகர் அக்ராவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. லேமா போவீ தலைமையில் வெள்ளை உடையில் திரண்டு, பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்த பெண்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 1509 மூலம் 15,000 வீரர்கள் வரை கொண்ட படைக்கு அனுமதி கொடுத்தது.

அமைதிப்படை என்றதும் நம்மில் பலருக்கு 1987-ல் இலங்கைக்குப் போன இந்தியப் படைதான் நினைவுக்கு வரும். அது இந்தியா, இலங்கை ஆகிய இரு அரசுகளின் ஒப்பந்தப்படி போனது. இங்கே பேசுவது ஐ.நா.வின் நீல ஹெல்மெட் படை. பல நாட்டு வீரர்கள், பாதுகாப்பு கவுன்சிலின் உத்தரவு, ஐ.நா.வின் செலவு.

ஒரு லட்சம் பேர், 28 ஆயிரம் துப்பாக்கி: கணக்கு இடிக்குதே?

இடிக்கத்தான் செய்தது. சுமார் 38,000 போராளிகள் இருப்பார்கள் என்பது ஆரம்ப மதிப்பீடு. 2004 முடிவதற்குள் பெயர் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் வந்து சேர்ந்த துப்பாக்கிகள் சுமார் 28,000 மட்டுமே. காரணம், துப்பாக்கி இல்லாவிட்டாலும் 150 தோட்டாக்களைக் கொடுத்தால் போதும் என்ற விதி. கமாண்டர்கள் உறவினர்களையும் தெரிந்தவர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். தலைக்கு 300 டாலர், இரண்டு தவணையாக. போரில் சிதைந்த நாட்டில் அது பெரிய காசு.

ஆனால் "எல்லாமே மோசடி" என்று ஒரே அடியாகத் தள்ளிவிட முடியாது. பதிந்தவர்களில் சுமார் 22,000 பேர் பெண்கள், சுமார் 11,000 பேர் சிறுவர் சிறுமியர். சமைக்க, சுமக்க, பாலியல் அடிமையாக வைத்திருக்க என்று இழுத்துச் செல்லப்பட்ட பெண்களின் கையில் துப்பாக்கி எப்படி இருக்கும்? விதியைக் கறாராக வைத்திருந்தால் அவர்கள்தான் முதலில் வெளியே நின்றிருப்பார்கள்.

உண்மையான சிக்கல் இதற்கு அடுத்த கட்டத்தில் இருந்தது.

பணம் எங்கிருந்து வருது? இதுதான் முக்கியமான இடம்

ஐ.நா. இந்த வேலையை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. ஆயுதத்தை வாங்குவது, படைக் குழுக்களைக் கலைப்பது, போராளியை ஊர் வாழ்க்கையில் மறுபடி சேர்ப்பது. முதல் இரண்டுக்கும் பணம் அமைதிப்படையின் பட்ஜெட்டிலிருந்து வரும். அது உறுப்பு நாடுகள் கட்டாயம் கட்ட வேண்டிய பங்கு. மூன்றாவது கட்டமான தொழிற்பயிற்சி, பள்ளிப் படிப்பு, வேலை எல்லாம் பெரும்பாலும் நாடுகள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடையை நம்பியிருந்தது. துப்பாக்கியை வாங்க பணம் உறுதி, வேலை கொடுக்க பணம் "பார்க்கலாம்" என்ற நிலை.

எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு ஆட்கள் பதிந்தபோது என்ன ஆகும்? வரிசை நீண்டது. ஆயுதம் கொடுத்து வருடக்கணக்கில் பயிற்சிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. தச்சு வேலை, கொத்து வேலை, தையல், மெக்கானிக் எனப் பயிற்சி முடித்தவர்களுக்கும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: ஒரே நேரத்தில் இத்தனை தச்சர்களுக்கு வேலை கொடுக்க இந்த நாட்டில் யாரிடம் காசு இருக்கிறது?

ஒரு ஒப்பீடு. 2006 ஜனவரியில் எலன் ஜான்சன் சர்லீஃப் அதிபரானபோது லைபீரிய அரசின் ஆண்டு பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர். அதே காலத்தில் அங்கிருந்த ஐ.நா. படையின் ஆண்டுச் செலவு 70 கோடி டாலருக்கும் மேல். காவலுக்கு நிற்பவரின் செலவு, வீட்டின் மொத்த வருமானத்தைப் போல எட்டு மடங்குக்கும் மேல்! அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீரர்களுக்கும் விமானங்களுக்கும் வாகனங்களுக்கும்தான் போனது.

ரப்பர் தோட்டத்தில் நடந்தது என்ன?

பாதுகாப்பும் பிழைப்பும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு கத்ரி ரப்பர் தோட்டத்தைச் சொல்லலாம். ரப்பர், லைபீரியாவின் உயிர்நாடி. அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926-லேயே அங்கு 10 லட்சம் ஏக்கருக்குக் குத்தகை ஒப்பந்தம் போட்டது. போர் முடிந்ததும் முன்னாள் போராளிகள் கத்ரி தோட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். பால் வெட்டினார்கள், விற்றார்கள். அங்கே அவர்கள் வைத்ததுதான் சட்டம். வேறு வேலை கிடைக்காத இடத்தில் அதுதான் அவர்களின் "மறுவாழ்வுத் திட்டம்"!

2006 ஆகஸ்டில் அரசும் ஐ.நா. படையும் சேர்ந்து தோட்டத்தை மீட்டன. படையை அனுப்பி விரட்டியதோடு நிறுத்தவில்லை. போலீஸ் காவல் போட்டார்கள், தற்காலிக நிர்வாகம் அமைத்தார்கள், உள்ளே இருந்தவர்களில் ஒரு பகுதியினரை மறுவாழ்வுத் திட்டங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ததால்தான் பெரிய மோதல் இல்லாமல் முடிந்தது.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. 2009-ல் கத்ரி நிலம் உட்பட பெரும் பரப்பு மலேசியாவின் சைம் டார்பி நிறுவனத்துக்கு 63 ஆண்டு குத்தகைக்குப் போனது. எண்ணெய்ப் பனை வளர்க்க. "எங்க பயிரை அழிச்சிட்டாங்க, வழிபாட்டு இடங்களைக்கூட விடல" என்று கிராம மக்கள் புகார் கொடுத்தார்கள். வேலைவாய்ப்பு தரும் என்று கொண்டுவந்த முதலீடே நிலத் தகராறைக் கிளப்பியது. கிராமங்களின் பாரம்பரிய நிலத்துக்கு உரிமை கொடுக்கும் சட்டம் வர 2018 ஆனது. வளர்ச்சி வந்தால் அமைதி தானாக வரும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும்.

சாலை போடுறதும் பாதுகாப்பு வேலையா?

ஆமாம். உலகிலேயே அதிக மழை பெய்யும் தலைநகரங்களில் ஒன்று மன்ரோவியா. மே முதல் அக்டோபர் வரை உள்நாட்டு மண் சாலைகள் சேறாகிவிடும். ஒரு கிராமத்தில் கைகலப்பு என்று தகவல் வந்தாலும் போலீஸ் வண்டி போய்ச் சேராது. அரிசியும் ஏறாது, மருந்தும் ஏறாது. அதனால் வங்கதேச ராணுவப் பொறியாளர்கள் உள்ளிட்ட அமைதிப்படையினர் சாலைகளையும் பாலங்களையும் சீரமைத்தார்கள். படையின் இயந்திரம், உலக வங்கி போன்ற அமைப்புகளின் பணம், உள்ளூர் இளைஞர்களின் கூலி வேலை என மூன்றும் ஒரே சாலையில் சேர்ந்தன. சாலையும் கிடைத்தது, சும்மா இருந்த கைகளுக்குச் சில மாதக் கூலியும் கிடைத்தது. என்னைக் கேட்டால், மொத்த முயற்சியில் மிக உருப்படியான பகுதி இதுதான்.

மின்சாரம் அந்த அளவுக்கு வேகமாக வரவில்லை. 2006 ஜூலையில் மன்ரோவியாவின் சில தெருக்களில் விளக்கு எரிந்ததே கொண்டாட்டமானது. போரில் நாசமான மவுன்ட் காபி நீர்மின் நிலையம் மறுபடி ஓடத் தொடங்கியதோ 2016 டிசம்பரில், போர் முடிந்து 13 ஆண்டு கழித்து.

அரசுப் பணம் கசியாமல் இருக்க 2005-ல் ஒரு திட்டம் வந்தது. துறைமுகம், விமான நிலையம், மத்திய வங்கி போன்ற இடங்களில் லைபீரிய அதிகாரியோடு ஒரு வெளிநாட்டு நிபுணரும் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே போகும். "நாங்க சுதந்திர நாடுதானே?" என்று அங்கே எதிர்ப்பு கிளம்பியதில் நியாயம் உண்டு. ஆனாலும் அரசு வருவாய் ஏறியது. 2010-ல் சுமார் 460 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன் தள்ளுபடி ஆனதற்கு இந்த நிதி ஒழுங்கும் உதவியது.

இந்தியப் பெண் போலீசார் அங்கே என்ன செய்தார்கள்?

2007 ஜனவரியில் சி.ஆர்.பி.எஃப். படையைச் சேர்ந்த 100-க்கும் மேற்பட்ட இந்தியப் பெண் போலீசார் மன்ரோவியாவில் இறங்கினார்கள். முழுக்கப் பெண்களைக் கொண்ட ஐ.நா.வின் முதல் போலீஸ் பிரிவு அது. அதிபர் அலுவலகக் காவல், இரவு ரோந்து எனப் பணி. பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி, கணினி வகுப்பு என்று ஊரோடும் கலந்தார்கள். 2016 பிப்ரவரியில் அவர்கள் திரும்பும்வரை ஆண்டுதோறும் புது அணி போய்க்கொண்டிருந்தது. ஐ.நா. கணக்குப்படி, அந்தக் காலத்தில் லைபீரியப் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக உயர்ந்தது. அத்தனையும் இவர்களால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் சீருடையில் பெண்களைத் தினமும் பார்த்தது ஒரு காரணம் என்று ஐ.நா.வே சொல்கிறது.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. சாப்பாட்டுக்கும் காசுக்கும் பதிலாகப் பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கியதாக அமைதிப்படையினர் சிலர் மீதே புகார்கள் எழுந்தன. பாதுகாக்க வந்தவர் மீதே இந்தப் புகார் என்றால் மக்கள் யாரை நம்புவார்கள்?

எபோலா போட்ட சோதனை

2014-ல் எபோலா பரவியபோது, நாட்டில் அமைதி வந்து 11 ஆண்டு ஆகியிருந்தது. ராணுவத்தையும் போலீசையும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மருத்துவத் துறையோ? 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஏறக்குறைய 50 மருத்துவர்கள். ஆகஸ்டில் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியை அரசு அப்படியே அடைத்துப் பூட்டியது. எதிர்த்த கூட்டத்தின் மீது ராணுவம் சுட்டதில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். நோய் ஒரு சுகாதாரப் பிரச்சினை. ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் அது துப்பாக்கிப் பிரச்சினையாக மாறியது. லைபீரியாவில் மட்டும் 4,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அரைகுறை மறுவாழ்வின் விளைவு எல்லை தாண்டியும் தெரிந்தது. 2010-11-ல் பக்கத்து ஐவரி கோஸ்டில் தேர்தல் மோதல் வெடித்தபோது, முன்னாள் லைபீரியப் போராளிகள் அங்கே கூலிப்படையாகப் போய்ச் சண்டையிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

இப்போ நிலைமை என்ன?

ஐ.நா. படை 2016 ஜூன் 30-ல் பாதுகாப்புப் பொறுப்பை லைபீரிய அரசிடம் ஒப்படைத்து, 2018 மார்ச் 30-ல் முழுதாகக் கிளம்பியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, முன்னாள் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வியா அதிபரானார். தேர்தலில் வென்ற ஒருவர், தேர்தலில் வென்ற இன்னொருவரிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தது 1944-க்குப் பிறகு அதுவே முதல்முறை. 2023 தேர்தலில் வியா சுமார் ஒரு சதவீத வித்தியாசத்தில் ஜோசப் போகாயிடம் தோற்றார். நீல ஹெல்மெட் ஒன்றுகூட நாட்டில் இல்லை. முழு எண்ணிக்கை முடியும் முன்பே போனில் வாழ்த்திவிட்டு விலகினார்.

மிச்சமும் நிறைய இருக்கிறது. டெய்லருக்கு 2012-ல் கிடைத்த 50 ஆண்டு சிறைத் தண்டனை பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. லைபீரியாவில் நடந்த கொலைகளுக்காக அந்த நாட்டு நீதிமன்றம் ஒருவரையும் தண்டித்ததில்லை. அதற்கான சிறப்பு நீதிமன்றத்தை அமைக்க ஒரு அலுவலகம் திறக்கும் உத்தரவில் போகாய் 2024 மே மாதம்தான் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஜனவரியில் அவர் போட்ட இன்னொரு அறிவிப்பு, போதைப்பொருள் பழக்கத்தை தேசிய சுகாதார அவசரநிலை என்றது. மன்ரோவியாவின் கல்லறைகளிலும் தெருக்களிலும் தங்கிக்கொண்டு கைப்பை பறித்துப் பிழைக்கும் இளைஞர்களை அங்கே "ஸோகோ" என்று அழைக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் சிலர், 20 ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கி தூக்கிய சிறுவர்கள்.