எம்டியு கருந்துளை

கணினி வலையமைப்பில் சிறிய பொட்டலங்கள் தடையின்றிச் செல்ல, பெரியவை மட்டும் சுவடின்றி மறையும் கோளாறு. எம்டியு என்பது ஓர் இணைப்பு ஏற்கும் பொட்டலத்தின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் வழக்கமாக 1500 பைட்.

காரணம்: விபிஎன் போன்ற இணைப்புகளில் எம்டியு குறைவு. துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் வரும் பெரிய பொட்டலத்தை ரவுட்டர் கைவிட்டு, அனுப்பிய சர்வருக்கு ஐசிஎம்பி என்னும் பிழை அறிவிப்பு நெறிமுறை வழியே தகவல் சொல்லும், சர்வர் அளவைக் குறைத்து மீண்டும் அனுப்பும். இம்முறையை 1990இல் வெளியான ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்தது. அத்தகவலை ஃபயர்வால் தடுத்துவிட்டால், சர்வர் அளவைக் குறைக்காமல் அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

அறிகுறி: பிங் பதில் தரும், எஸ்எஸ்எச் பெரும்பாலும் இணையும். பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் இணைப்பு உறைந்து நிற்கும்.

கண்டறிதல்: துண்டாக்கத் தடையுடன் 1472 பைட் தரவை ஐபிவி4 பிங்கில் அனுப்ப வேண்டும், தலைப்புப் பகுதிகளின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். பதில் வராவிட்டால், வரும்வரை அளவைப் படிப்படியாகக் குறைத்து வழியின் எம்டியுவை அறியலாம்.

தீர்வு: ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4 செய்திகளை ஃபயர்வாலில் அனுமதித்தல், டிசிபியின் எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பொட்டலத்தில் செல்லும் தரவின் உச்ச அளவு) குறைத்தல். ஐசிஎம்பியை நம்பியிராத மாற்று முறையை ஆர்எஃப்சி 4821 (2007) விவரிக்கிறது.