ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன ஒரே எண்: 293318625600-ல் அப்படி என்ன இருக்கு?

கணித மேதை ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதில் 100-க்கும் மேற்பட்ட எண்களின் பட்டியல் இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்ட அந்தக் கணக்கில் ஒரே ஒரு எண் விட்டுப்போனது. அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

அது என்ன பட்டியல்?

தட்டில் 12 இட்லி இருக்கு. அதை 1, 2, 3, 4, 6 அல்லது 12 பேருக்கு மீதி இல்லாமல் சமமாகப் பிரிக்கலாம். ஆக 12-க்கு 6 காரணிகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணி கிடையாது. இப்படி, தன்னைவிடச் சின்ன எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துவதுதான் 'உயர் பகு எண்'. 24, 36, 48, 60, 120 எல்லாம் இந்த வகைதான். ராமானுஜனின் பட்டியல் 6746328388800 வரை போகிறது. அதற்கு 10,080 காரணிகள்!

விட்டுப்போன எண்ணுக்கு எத்தனை?

அதைப் பகா எண்களாகப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டி, வருவதையெல்லாம் பெருக்க வேண்டும். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040 காரணிகள். இதற்கு முந்தைய உயர் பகு எண்ணான 240940299600-க்கு 4,800தான்.

அப்போ கட்டுரை தப்பா?

இல்லை. பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு கூடாது, கடைசி அடுக்கு 1-ஆகவே இருக்கும் (4, 36 மட்டும் விதிவிலக்கு) என்று ராமானுஜன் நிரூபித்தார். 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என இறங்கும் இந்த எண் அந்த விதிக்கு அப்படியே பொருந்துகிறது. பட்டியலில்தான் இடமில்லை, தேற்றத்தில் இடம் இருக்கு. உயர் பகு எண் ஆய்வுக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது.

வேறு எந்த வகையில் வரும்?

* ஹர்ஷத் எண்: இலக்கங்களைக் கூட்டினால் 45. எண் 45-ஆல் மீதியின்றி வகுபடும். இந்த வகைக்குப் பெயர் வைத்தவர் மகாராஷ்டிராவின் கப்ரேகர்.
* மிகை எண்: தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிது.
* வர்க்க எண் அல்ல: 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வருகிறது.

விழுப்புரம் பக்கம் நடந்த திருப்பம்

1910-ல் வேலை தேடி அலைந்த ராமானுஜன், கும்பகோணத்தில் இருந்து விழுப்புரம் வழியாக திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர், இந்திய கணிதக் கழகத்தை நிறுவிய வி.ராமசாமி ஐயர். கேட்டது குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ஐயர், இந்தத் திறமையை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் முடக்க மனமில்லாமல், சிபாரிசுக் கடிதத்துடன் சென்னைக்கு அனுப்பினார். அந்த வேலை கிடைத்திருந்தால் 1915 கட்டுரை வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இன்னொரு சுவாரஸ்யம்: ராமானுஜன் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் 1729 = 7 × 13 × 19. மூன்றும் மேலே உள்ள பெருக்கலில் இருக்கு. அதாவது, விட்டுப்போன எண்ணின் 5,040 காரணிகளில் 1729-ம் ஒன்று!