மாட்டுக் காசநோய் கண்டறிதலின் வரலாறு: தோல் சோதனையிலிருந்து இரத்தச் சோதனை வரை (1890–1997)

ஆய்வுச் சுருக்கம்

மாட்டுக் காசநோயைக் கண்டறிய உலகெங்கும் இரண்டு சோதனைகள் முதன்மையாகப் பயன்படுகின்றன. ஒன்று, டியூபர்குலினைத் தோலுக்குள் செலுத்தி வீக்கத்தை அளக்கும் தோல் சோதனை. மற்றொன்று, இரத்தத்தில் சுரக்கும் காமா இன்டர்ஃபெரானை அளக்கும் சோதனை. இவற்றின் வளர்ச்சி பெரும்பாலும் ஆய்வகக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை டென்மார்க், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு அவ்வளர்ச்சியை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. எந்தச் சோதனையும் பிழையற்றதன்று. பிழையின் இழப்பை மாட்டின் உரிமையாளர் ஏற்பதா, பால் அருந்துவோர் ஏற்பதா, அரசு ஏற்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் அளித்த விடையே சோதனையின் வடிவத்தையும் வெற்றியையும் முடிவு செய்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மாட்டுக் காசநோய், டியூபர்குலின், தோல் சோதனை, காமா இன்டர்ஃபெரான், கால்நடை மருத்துவ வரலாறு.

முன்னுரை

மாட்டுக் காசநோய் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்னும் நுண்ணுயிரியால் உண்டாகிறது. நோயுற்ற மாடு பல ஆண்டுகள் வெளிப்படையான அறிகுறி ஏதுமின்றி வாழக்கூடும். கொழுத்த, நன்கு பால் கறக்கும் பசுவின் நிணநீர்க் கணுக்களிலும் நுரையீரலிலும் நோய் மறைந்திருக்கும். மடியில் நோய் பரவியிருப்பின் காய்ச்சாத பாலின் வழியாக அது மனிதரை, குறிப்பாகக் குழந்தைகளை, அடையும். கழுத்துக் கணுக்களின் வீக்கம், எலும்பு மூட்டு நோய், குடற்காசம் ஆகியவை இவ்வழியில் வந்தவையாக அறியப்பட்டன. கண்ணால் பார்த்தும் தொட்டும் அறிய முடியாத நோய் என்பதால், மாட்டைக் கொல்லாமல் உள்ளே இருப்பதை அறியும் வழி தேவைப்பட்டது. அவ்வழி தற்செயலாகவே கிடைத்தது.

1. தோல்வியுற்ற மருந்து

காசநோய் நுண்ணுயிரியை 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24 அன்று பெர்லினில் அறிவித்த இராபர்ட் கோக், 1890இல் அங்கு நடைபெற்ற பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் அந்நோயைத் தடுத்து நிறுத்தும் பொருள் ஒன்றைக் கண்டறிந்துள்ளதாகக் கூறினார். நுண்ணுயிரி வளர்ப்பிலிருந்து கிளிசரின் கொண்டு எடுக்கப்பட்ட அச்சாறு பின்னர் டியூபர்குலின் எனப்பட்டது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து நோயாளிகள் பெர்லினை நாடினர். ஓராண்டிற்குள் அம்மருந்து நோயைக் குணப்படுத்தவில்லை என்பதும், சிலருக்குத் தீங்கு விளைவித்தது என்பதும் தெளிவாயின.

எனினும் அத்தோல்விக்குள் ஓர் உண்மை இருந்தது. டியூபர்குலின் செலுத்தப்பட்டபோது காசநோய் உள்ளவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. நோய் இல்லாதவர்களுக்கு அதே அளவு மருந்து பெரிய விளைவை உண்டாக்கவில்லை. இவ்வேறுபாட்டைக் கால்நடை மருத்துவர்கள் உடனே பற்றிக்கொண்டனர். இன்று எஸ்தோனியாவில் டார்ட்டு என வழங்கும் டோர்பாட் நகரில் குட்மன் என்பவர் மாடுகளுக்கு டியூபர்குலின் செலுத்தி உடல்வெப்ப உயர்வைப் பதிவு செய்தார். 1892இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லெனார்டு பியர்சன் ஒரு பால் மந்தையை இம்முறையில் சோதித்தார். மனிதருக்கு மருந்தாகப் பயன்படாத பொருள் மாட்டிற்குச் சோதனைப் பொருளாயிற்று.

தொடக்ககாலச் சோதனை தோல் சோதனை அன்று. வெப்பச் சோதனையே ஆகும். தோலுக்கு அடியில் டியூபர்குலின் செலுத்தி, அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேர இடைவெளிகளில் மாட்டின் உடல்வெப்பத்தைத் தொடர்ந்து அளக்க வேண்டியிருந்தது. ஒரு மந்தையைச் சோதிக்க ஒரு மருத்துவர் பகலும் இரவும் தொழுவத்திலேயே தங்க நேர்ந்தது. வேறு காரணத்தால் காய்ச்சல் கண்ட மாட்டையும் கோடை வெயிலில் உடல் சூடேறிய மாட்டையும் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை.

2. டென்மார்க்கின் வழி: பிரித்து வைத்தல்

சோதனை வந்த பின்னரே அடுத்த சிக்கல் தெரிய வந்தது. சில மந்தைகளில் பாதிக்கும் மேற்பட்ட மாடுகள் எதிர்வினை காட்டின. அவை அனைத்தையும் கொல்வது எனில் பண்ணையையே அழிப்பதாகும். கோபன்ஹேகன் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு பாங் 1892 முதல் வேறு வழியைக் கையாண்டார். எதிர்வினை காட்டிய மாடுகளைத் தனித் தொழுவத்தில் வைத்துப் பாலுக்காகத் தொடர்ந்து பயன்படுத்தினார். அவை ஈன்ற கன்றுகளைப் பிறந்தவுடன் பிரித்து, சூடாக்கிய பாலைக் கொடுத்து நலமுள்ள மந்தையில் வளர்த்தார். மீண்டும் மீண்டும் சோதித்து, சில ஆண்டுகளில் நோயுற்ற பகுதி குறைந்து, நலமுள்ள பகுதி பெருகுமாறு செய்தார்.

கன்று நோயுடன் பிறப்பது மிக அரிது, பிறந்த பின்னரே நோயைப் பெறுகிறது என்ற கண்டறிவே பாங்கின் முறைக்கு அடிப்படை. டென்மார்க்கில் கூட்டுறவுப் பாலகங்கள் பல பண்ணைகளின் பாலை ஒன்றாகக் கலந்து, வெண்ணெய் எடுத்த பின் எஞ்சிய பாலைப் பண்ணைகளுக்கே கன்றுகளின் தீவனமாகத் திருப்பி அனுப்பின. ஒரு பண்ணையின் நோய் இவ்வாறு பல பண்ணைகளுக்குப் பரவியது. எனவே, திருப்பி அனுப்பும் பாலைச் சூடாக்குவது 1898இல் சட்டப்படி கட்டாயமாயிற்று. சோதனையின் முடிவை உழவர் ஏற்றுக்கொள்ளத்தக்க செயலாக மாற்றியதே பாங்கின் பெரும் பங்களிப்பு எனலாம்.

3. 1901: ஐயமும் விடையும்

1898இல் தியோபால்டு ஸ்மித் மனிதக் காசநோய் நுண்ணுயிரியும் மாட்டுக் காசநோய் நுண்ணுயிரியும் வேறுபட்டவை என்று காட்டினார். 1901இல் இலண்டனில் நடைபெற்ற காசநோய் மாநாட்டில் இராபர்ட் கோக் இதனினும் ஒருபடி மேலே சென்று, மாட்டின் நோய் மனிதருக்கு அரிதாகவே தொற்றும், எனவே அதற்கெதிரான நடவடிக்கைகள் தேவையில்லை என்னும் கருத்தை முன்வைத்தார். சோதனைக்கு வழிவகுத்தவரே அதன் தேவையை மறுத்தது போல இது அமைந்தது. மாட்டைச் சோதிப்பதன் நோக்கம் மனிதரைக் காப்பது எனில், அந்நோக்கமே இப்போது கேள்விக்குள்ளாயிற்று.

பிரிட்டன் அரசு அதே ஆண்டில் அரச ஆணையம் ஒன்றை அமைத்தது. அது 1911இல் தன் இறுதி அறிக்கையை அளித்தது. மாட்டு நுண்ணுயிரி மனிதருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, பாலின் வழியே தொற்றுகிறது என்று அது உறுதிப்படுத்தியது. கோக்கின் கருத்து மறுக்கப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட பத்தாண்டுகளில், தயங்கிய அரசுகளுக்கு அவருடைய புகழே ஒரு காரணமாக அமைந்தது.

4. வெப்பமானியிலிருந்து காலிப்பருக்கு

1907இல் கிளமென்ஸ் ஃபான் பிர்க்கே தோலைக் கீறி டியூபர்குலினை இட்டு, அவ்விடத்தில் தோன்றும் தடிப்பைக் கொண்டு மனிதரிடம் தொற்றை அறிந்தார். 1908இல் பிரான்சைச் சேர்ந்த சார்லஸ் மாண்டூ தோலுக்குள்ளேயே செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் அவரும் கால்நடை மருத்துவர் மூசுவும் அம்முறையை மாடுகளுக்குப் பயன்படுத்தினர். மருத்துவர் இருமுறை வந்தால் போதும் என்றாயிற்று: ஒருமுறை ஊசி போட, மூன்று நாள் கழித்து வீக்கத்தைக் காலிப்பரால் அளக்க. நாடு முழுவதையும் சோதிக்கும் திட்டத்தை இச்சிக்கனமே இயலச் செய்தது.

ஆனால் தோல் வேறு வகையில் ஏமாற்றியது. முற்றிய நோயுடைய மாடு சில வேளைகளில் எதிர்வினையே காட்டுவதில்லை. மந்தையில் மிகுதியாக நோயைப் பரப்பும் மாடே சோதனையில் நலமுள்ளதாகத் தேறிவிடக்கூடும். அண்மையில் டியூபர்குலின் பெற்ற மாட்டின் தோல் சில காலம் மந்தமடைவதையும் வணிகர் அறிந்திருந்தனர். விற்பனைக்கு முன் மறைவாக டியூபர்குலின் செலுத்தி நோயுற்ற மாட்டைத் தேறச் செய்யும் மோசடி பல நாடுகளில் வழங்கியது. மறுபுறம், பறவைக் காசநோய் நுண்ணுயிரியுடன் பழகிய மாடு, மாட்டுக் காசநோய் இல்லாமலேயே எதிர்வினை காட்டியது.

5. அயோவா, 1931

பொய் நேர்மறை முடிவின் விலை என்ன என்பதை அமெரிக்க உழவர் எழுச்சி ஒன்று காட்டுகிறது. 1917இல் ஒன்றிய அரசும் மாநிலங்களும் இணைந்து தொடங்கிய ஒழிப்புத் திட்டம் சோதித்துக் கொல்லும் முறையைப் பின்பற்றியது. மாட்டின் மதிப்பில் ஒரு பகுதியை அரசுகள் இழப்பீடாக அளித்தன. எஞ்சியதை உரிமையாளர் ஏற்க வேண்டியிருந்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருள் விலை சரிந்திருந்த காலத்தில் அந்த எஞ்சிய பகுதி சிறிதன்று.

அயோவா மாநிலத்தின் சீடர் மாவட்டத்தில் 1931இல் உழவர்கள் திரண்டு சோதனைக்கு வந்த மருத்துவர்களை விரட்டினர். சோதனையால் பசுக்களுக்குக் கருச்சிதைவு உண்டாகிறது என்ற செய்தி வானொலி வழியே பரவியது. நோயுற்றது என்று கொல்லப்பட்ட மாட்டின் இறைச்சி, ஆய்வில் தேறினால் உணவுக்கு விற்கப்படுவது எவ்வாறு என்றும் அவர்கள் வினவினர். கருச்சிதைவுச் செய்திக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இறைச்சி பற்றிய வினாவோ பொருளற்றதன்று: எதிர்வினை காட்டிய மாடுகள் பலவற்றில் அறுத்துப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியும் நோய்ப்புண் இருக்கவில்லை. ஆளுநர் டான் டர்னர் தேசியக் காவற்படையை அனுப்ப, துப்பாக்கி ஏந்திய வீரர்களின் காவலில் மாடுகள் சோதிக்கப்பட்டன. மக்கள் இந்நிகழ்வை 'மாட்டுப் போர்' என்றனர்.

திட்டம் வென்றது. 1917 முதல் 1940 வரை ஏறத்தாழ 23 கோடி சோதனைகள் நிகழ்த்தப்பட்டன; 38 இலட்சம் அளவிலான மாடுகள் கொல்லப்பட்டன; நோயின் பரவல் 0.5 விழுக்காட்டிற்கும் கீழே சென்றது. காய்ச்சாத பாலால் குழந்தைகள் மாண்ட நிலை மறைந்தது. அப்பயன் நாட்டினர் அனைவருக்கும் சென்றது. இழப்பு மாட்டின் உரிமையாளர் மீது விழுந்தது. அயோவாவின் சினத்தை அறியாமை என்று மட்டும் ஒதுக்க இயலாது என்பதற்கு இதுவே காரணம்.

6. பிரிட்டனின் ஒப்பீட்டுச் சோதனை

பிரிட்டனில் 1934இல் அரசின் குழு ஒன்று, பால் மாடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு தொற்றுடையவை என்று மதிப்பிட்டது. 1935இல் விருப்பமுள்ள பண்ணையாளர் சேரும் சான்றளிப்புத் திட்டம் தொடங்கியது. 1950 முதல் வட்டாரவாரியான கட்டாய ஒழிப்பு நடைபெற்றது. 1960இல் நாடு முழுவதும் சான்று பெற்றது.

இக்காலத்தில் சோதனைப் பொருளும் முறையும் செம்மையுற்றன. புளோரன்ஸ் சீபர்ட் 1930களில் டியூபர்குலினிலிருந்து புரதப் பகுதியைத் தூய்மைப்படுத்தினார். நாட்டிற்கு நாடு வேறுபட்டிருந்த சாற்றைச் சீர்தரப்படுத்த அது வழி செய்தது. கழுத்தின் ஒரே பக்கத்தில் இரு இடங்களில் பறவை டியூபர்குலினையும் மாட்டு டியூபர்குலினையும் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து இரு வீக்கங்களையும் ஒப்பிடும் முறை நிலைபெற்றது. மாட்டு டியூபர்குலின் இட்ட இடத்து வீக்கம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் மிகுந்தால் மாடு நோயுற்றதாகக் கொள்ளப்பட்டது. நோய் உறுதியான மந்தையில் அதே அளவு இன்னும் கடுமையாகப் பொருள் கொள்ளப்பட்டது. எனவே 4 மில்லிமீட்டர் என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. எத்தனை நலமுள்ள மாடுகளை இழக்கலாம், எத்தனை நோயுற்றவற்றைத் தவறவிடலாம் என்று அரசு வகுத்த எல்லையாகும்.

7. ஆஸ்திரேலியாவின் இரத்தச் சோதனை

ஆஸ்திரேலியா 1970இல் தேசிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வட பகுதியின் பரந்த மேய்ச்சல் நிலங்களில் பாதி காட்டு நிலையில் திரியும் மாடுகளை ஒருமுறை வளைத்துப் பிடிப்பதே அரும்பணி. மூன்று நாள் கழித்து மீண்டும் அளக்கும்வரை அவற்றை அடைத்து வைத்துத் தீனியும் நீரும் அளிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை மட்டுமே மாட்டைத் தொடும் சோதனை தேவைப்பட்டது.

அந்நாட்டின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பால் வுட், ஜேம்ஸ் ரோத்தெல் முதலியோர் உருவாக்கிய முறை 1990இல் வெளியிடப்பட்டது. மாட்டின் உடலில் நிகழ்ந்த எதிர்வினையை அவர்கள் குழாய்க்குள் கொண்டுவந்தனர். இரத்தத்துடன் மாட்டு டியூபர்குலினும் பறவை டியூபர்குலினும் தனித்தனியே கலக்கப்பட்டு ஓரிரவு உடல்வெப்ப நிலையில் வைக்கப்படும். நுண்ணுயிரியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் காமா இன்டர்ஃபெரானைச் சுரக்கும். அதன் அளவை எலைசா முறை காட்டும். தோலைவிடத் தொடக்க நிலையிலேயே நோயை இது அறிந்தது. எனினும் பொய் நேர்மறை சற்று மிகுந்தது. இரத்தம் உயிரணுக்கள் அழியுமுன் ஆய்வகத்தை அடைய வேண்டும் என்பது புதிய கட்டுப்பாடாயிற்று. ஆகவே பல நாடுகளில் இது தோல் சோதனைக்கு மாற்றாக அன்றித் துணையாகவே நின்றது. 1997இன் இறுதியில் ஆஸ்திரேலியா நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

இதே முறை பின்னர் மனிதருக்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்டு, 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டியூபர்குலின் மனித மருத்துவத்திலிருந்து தொழுவத்திற்குச் சென்றது. இன்டர்ஃபெரான் சோதனை தொழுவத்திலிருந்து மனித மருத்துவத்திற்கு வந்தது.

8. இந்தியச் சூழல் குறித்து

மேற்கண்ட நாடுகள் அனைத்திலும் சோதனைக்குப் பின் நோயுற்ற மாட்டை அகற்றுதல் இயன்றது. இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் பசுவதைக்குத் தடையோ கட்டுப்பாடோ உள்ளது. ஓரிரு மாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப்பல. சோதித்துக் கொல்லும் தேசியத் திட்டம் இங்கு இல்லை. பாலைக் காய்ச்சி அருந்தும் வழக்கமே பெருங்காப்பாக இருந்து வந்துள்ளது. மேலும், சென்னைப் பகுதி மாடுகளிலிருந்தும் வேலூரில் ஆராயப்பட்ட மனித மாதிரிகளிலிருந்தும் மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ் என்னும் நெருங்கிய இனம் கண்டறியப்பட்டுள்ளது. போவிஸ் ஒன்றையே மனதிற்கொண்டு ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட அளவுகளை இங்கு அப்படியே ஏற்கலாமா என்பது ஆய்வுக்குரியது. எதிர்வினை காட்டிய பசுவை என்ன செய்வது என்பதற்கு விடையின்றிச் சோதனையை மட்டும் பெருக்குவது உழவரிடம் அச்சத்தையே வளர்க்கும். கொல்லாமல் பிரித்து வைத்த பாங்கின் முறை இவ்விடத்தில் மீண்டும் கருதத்தக்கது.

முடிவுரை

நூறாண்டுக் காலத்தில் மாட்டுக் காசநோய்ச் சோதனை வெப்பமானி, காலிப்பர், எலைசா என மூன்று கருவிகளைக் கடந்தது. ஒவ்வொரு மாற்றமும் துல்லியத்தை நாடியதோடு, தொழுவத்தில் மருத்துவர் தங்கும் நேரம், மந்தையை மீண்டும் பிடிக்கும் செலவு போன்ற நடைமுறைத் தேவைகளாலும் நிகழ்ந்தது. டென்மார்க்கில் உழவர் ஏற்றதற்கும் அயோவாவில் எதிர்த்ததற்கும் டியூபர்குலின் காரணம் அன்று. சோதனைக்குப் பின் மாட்டிற்கும் உரிமையாளருக்கும் நேர்ந்ததே காரணம். எனவே இச்சோதனைகளின் வரலாற்றை எழுதுவோர், கருவியின் திறனுடன் இழப்பீட்டுச் சட்டங்களையும் பால் வணிகத்தின் அமைப்பையும் சேர்த்தே ஆராய வேண்டும்.