குமிழி சொல்வதும் கடல் சொல்வதும்

கட்டி முடித்துக் குடியிருந்த வீட்டை, சுவரும் கூரையுமாக அப்படியே நாலடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்த முடியுமா? முடியும். சென்னையில் மழைநீர் தேங்கும் பகுதிகளில் சில ஆண்டுகளாகவே இந்த வேலை நடந்துவருகிறது. உங்களில் சிலர் நேரிலும் பார்த்திருப்பீர்கள். அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டுவார்கள். சுவரின் அடியில் சிறிது சிறிதாகக் கல்லைப் பெயர்த்து, இரும்புச் சட்டங்களைக் கொடுத்து, அவற்றின் கீழே லாரி டயர் மாற்றும்போது வைப்பது போன்ற திருகு ஜாக்கிகளை நிறுத்துவார்கள். நடுத்தர அளவுள்ள வீட்டுக்கே நூறு, இருநூறு ஜாக்கிகள் வேண்டியிருக்கும். பிறகு எல்லாரும் ஒரே குரலுக்குத் திருகுவார்கள். வீடு நூல் நூலாக மேலே எழும்.

தூக்குவதில் பெரிய வித்தை இல்லை. திருகாணி என்பது சுருட்டி வைத்த சாய்தளம். மனிதக் கையின் சிறு விசையைப் பெரும் விசையாக்கித் தருவது அதற்கு எளிய காரியம். கடினம் எங்கே என்றால், மட்டம் மாறாமல் தூக்குவதில்தான். சுவரின் ஒரு முனை மறு முனையைவிட அதன் நீளத்தில் முந்நூறில் ஒரு பங்கு தாழ்ந்துவிட்டால் விரிசல் காணத் தொடங்கும் என்பது கட்டடப் பொறியியலில் பழகிப்போன ஒரு கணக்கு. மூன்று மீட்டர் சுவருக்கு அது ஒரு செ.மீ.தான். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் வேலையாட்கள் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயையும் ரசமட்டத்தையும் கையில் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு கருவிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அவை பதில் சொல்லாத கேள்வி ஒன்றும் உண்டு. புளியந்தோப்பு போன்ற இடத்தில் வாழ்வோருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

தண்ணீரும் குமிழியும்

பழைய எகிப்தியக் கொத்தர்கள் இரண்டு மரக்கால்களை முக்கோணமாக இணைத்து, உச்சியிலிருந்து குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டார்கள். நூல் குறுக்குச் சட்டத்தின் நடுக்கோட்டில் விழுந்தால் தளம் மட்டம். நம் கொத்தனாரின் தூக்குக்குண்டு அதற்கு நெருங்கிய உறவுதான். உரோமானியர்கள் நீர்க்கால்வாய் வெட்ட இருபது அடி நீள மேசை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதில் தூக்குக்குண்டுகளும் இருந்தன. காற்றடிக்கும்போது குண்டு ஆடுமே என்று, மேசையின் மேற்புறம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒரு பள்ளமும் வெட்டியிருந்தார்கள். விட்ருவியஸ் என்ற கட்டடக்கலை அறிஞர் தம் நூலில் இதை விவரித்திருக்கிறார்.

தண்ணீர்க் குழாயின் தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒன்றோடொன்று தொடர்புள்ள பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். முப்பது அடிக் குழாயில் நீரை நிரப்பி, ஒரு முனையைத் தெரு வாசலிலும் மறு முனையைப் புழக்கடையிலும் பிடித்தால், நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் நீர் தன் கடமையைச் செய்யும். ஆனால் குழாயின் நடுவே காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டால் கணக்குத் தவறிவிடும். ஒரு கருவிக்குப் பகையான குமிழியே மற்றொரு கருவிக்கு உயிராக இருப்பது ஒரு விந்தை!

அந்த மற்றொரு கருவிதான் ரசமட்டம். ரசம் என்றதும் உள்ளே பாதரசம் இருக்குமோ என்று எண்ணிவிடாதீர்கள். இருப்பது சாராய வகைத் திரவம். 1661ஆம் ஆண்டையொட்டி இதை உருவாக்கியவர் மெல்கிசெடெக் தெவெனோ என்ற பிரெஞ்சுக்காரர். உலகப் பயணக் குறிப்புகளைத் திரட்டி வெளியிடுவதில் ஆர்வம் கொண்டவர். பின்னாளில் பிரெஞ்சு அரசரின் நூலகத்தைக் கவனித்தவர். நீச்சல் கலையைப் பற்றிக்கூட ஒரு நூல் எழுதியவர்! சாராயம் குளிரில் எளிதில் உறையாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு குமிழியைத் தடுக்காது. குறையும் உண்டு: வெயில் பட்டால் சாராயம் விரியும், குமிழி சுருங்கும். ஆகவேதான் குமிழியின் ஒரு முனையை மட்டும் பார்க்காமல் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும்.

ரசமட்டத்தின் கண்ணாடிக்குழாய் நேரானது போலத் தோன்றும். உண்மையில் அதன் மேற்புறம் மிக மெல்லிய வளைவு உடையது. ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அந்த வட்டத்தின் ஆரம் 2 மீட்டர் என்று கொள்வோம். குமிழி 2 மி.மீ. நகர்ந்தால் பலகை ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்திருக்கிறது, அதாவது ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. கொத்தனாருக்கு இது போதும். ஆரம் 40 மீட்டர் ஆனால், அதே 2 மி.மீ. நகர்வு ஒரு மீட்டருக்கு 1 மி.மீ.யில் இருபதில் ஒரு பங்குச் சாய்வைக் காட்டிவிடும். நில அளவைக்காரர்களின் கருவிகளில் இத்தகைய குழாய்களே இருந்தன.

பரங்கிமலைக் கூடாரம்

அப்படிப்பட்ட கருவிகளோடு ஓர் அளவைக் கூட்டம் 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை அருகே முகாமிட்டது. தலைவர் வில்லியம் லாம்டன். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் அளவைக்கு முதல் அடித்தளக் கோடு அங்கேதான் போடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 7½ மைல். அளக்கும் கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. தரையில் போட்டால் மேடு பள்ளத்தில் சங்கிலி வளையும். எனவே இருபது அடி மரப்பெட்டிகள் ஐந்தை வரிசையாக முக்காலிகள் மேல் வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். முக்காலிகளில் ஏற்றி இறக்கும் திருகாணிகள் இருந்தன. நூறடிக்கு நூறடி பெட்டிகளை நகர்த்தி, மறுபடி திருகிச் சமன் செய்து, மறுபடி அளந்தார்கள். சித்திரை வைகாசி வெயிலில் சங்கிலி நீளுமே என்று வெப்பமானிகளையும் உடன் வைத்தார்கள். நாலு வாரத்துக்கு மேல் பிடித்த இந்த வேலைக்கும், இன்று வீட்டடியில் ஜாக்கி திருகுவதற்கும் கையசைவில் வேற்றுமை இல்லை.

ஆனால் லாம்டன் அதோடு நிற்கவில்லை. கிடைத்த நீளத்தைக் கடல் மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிட்டார். ஏன்? பூமி உருண்டை, மேலே போகப் போக அதே கோணத்துக்குள் அடங்கும் நீளம் கூடும். 100 மீட்டர் உயரத்தில் அளந்த ஒரு கிலோமீட்டர், கடல் மட்டத்தில் ஒன்றரை செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் குறைந்துவிடும். எனவே கோடு மட்டமாக இருந்தால் போதாது; எந்த உயரத்தில் மட்டமாக இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

நான் மேலே சொன்ன கேள்வி இதுதான். சாய்ந்திருக்கிறதா என்று கேட்டால் குமிழி பதில் சொல்லும். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டால் குமிழிக்குத் தெரியாது. பள்ளத்தின் அடியில் வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும், மலையுச்சியில் வைத்தாலும் நடுவில்தான் நிற்கும்.

கடலைச் சாட்சிக்கு அழைத்தார்கள்

உயரத்துக்கு நாடு முழுவதும் ஒரே தொடக்கம் வேண்டும். அதற்குக் கடலைத் தேர்ந்தார்கள். கடலோ ஓயாமல் ஏறி இறங்குவது! ஆகையால் துறைமுகங்களில் அலைமானிகளை அமைத்து, மணிக்கு மணி நீரின் உயரத்தைப் பல ஆண்டுகள் பதிவு செய்து சராசரி எடுத்தார்கள். சென்னையில் இந்தப் பதிவு 1880களில் நடைபெற்றது. மற்றொரு பக்கம், 1858இல் தொடங்கி, ரசமட்டம் பொருத்திய தொலைநோக்கியும் அளவுகோல்களும் கொண்டு, ஊருக்கு ஊர் உயரத்தைக் கடத்திச் சென்றார்கள். தொலைநோக்கி நடுவில், முன்னும் பின்னும் சமதூரத்தில் அளவுகோல்கள். இந்தச் சமதூரத்துக்கு ஒரு காரணம் உண்டு. பூமியின் வளைவால் ஒரு கிலோமீட்டருக்கு 8 செ.மீ. அளவுக்குப் பிழை வரும். இரு பக்கமும் தூரம் சமமானால் பிழையும் சமமாகி ஒன்றையொன்று அழித்துவிடும்.

1909இல் இந்த வலை முழுமை பெற்றது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், பால்ஸ் பாயிண்ட் என ஒன்பது இடங்களின் சராசரிக் கடல் மட்டத்தைச் சுழி என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்பதும் ஒரே மட்டம் என்று கொண்டது வசதிக்காகத்தான். உப்பு, வெப்பம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றால் கடலின் சராசரி மட்டமே இடத்துக்கு இடம் சற்று மாறுபடும். பின்னாளில் இரண்டாம் மட்ட வலை அமைக்கப்பட்டது இத்தகைய குறைகளைக் களையவே.

இனி, தன்னைத் தானே தூக்கிக்கொண்ட ஓர் ஊரைப் பார்ப்போம். அமெரிக்காவின் சிகாகோ ஏரிக்கரைச் சதுப்பில் எழுந்த நகரம். கழிவுநீர் ஓடச் சாய்வே கிடையாது, கொள்ளைநோய்கள் வாட்டின. 1855இல் எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளர் ஒரு திட்டம் தந்தார்: குழாய்களைப் பூமிக்குள் புதைக்க முடியாவிட்டால் தரைமேல் வைத்து, தெருவையே மண் கொட்டி உயர்த்திவிடுவது! கட்டடங்கள் பள்ளத்தில் போய்விடுமே? அவற்றையும் தூக்கினார்கள். 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளக் கடைவரிசை ஒன்றை, 600 ஆட்கள் ஏறத்தாழ 6,000 திருகு ஜாக்கிகளைக் கொண்டு, ஐந்தே நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். கடைகளில் வியாபாரம் நிற்கவில்லை.

ஜாக்கிகளின் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1847இல் மிச்சிகன் ஏரியில் காணப்பட்ட தாழ்ந்த நீர்மட்டத்தை அந்நகரம் தன் சுழியாக வைத்துக்கொண்டது. ஒவ்வொரு தெருவும் அதற்கு எத்தனை அடி மேலே இருக்க வேண்டும் என்பது முதலில் முடிவாயிற்று. வீடுகள் பிறகுதான் உயர்ந்தன.

அதே காலத்தில், 1865இல், கேப்டன் ஹெக்டர் டல்லக் என்பவர் சென்னைக்கு ஒரு கழிவுநீர்த் திட்டம் வகுத்து அறிக்கை அளித்தார். இங்கே நகரைத் தூக்கவில்லை. பிற்காலத்தில் சென்னை தேர்ந்த வழி பம்பு: நீர் தானாக ஓடும் அளவுக்கு ஓடவிட்டு, ஆழம் மிகுந்த இடத்தில் இறைத்து மேலேற்றுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பணிகளில் ஈடுபட்ட ஜே. டபிள்யூ. மேட்லியின் பெயரைத் தியாகராய நகரில் ஒரு சாலை தாங்கி நிற்கிறது.

புளியந்தோப்பின் கணக்கு

ஆனால் மழைநீரின் கதை வேறு. அது பெரும்பாலும் தானாகவே ஓடியாக வேண்டும். புளியந்தோப்பின் மழைநீர் ஓட்டேரி நல்லாவில் சேர்ந்து, பேசின் பாலத்தருகே பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அந்தக் கால்வாயோ எண்ணூர் முகத்துவாரம், கூவம் போன்ற வாய்கள் வழியேதான் கடலைக் காண வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர்வரை படகு செல்ல வெட்டிய கால்வாயின் பகுதி இது. 1878இல்தான் பக்கிங்காம் பெயர் வந்தது. படகுக்கு மட்டமான நீர் நல்லது. வெள்ளம் வடியவோ சாய்வு வேண்டும்!

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுங்கள். தெரு கடல் மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே. வடிகாலின் அடி தெருவுக்கு 1 மீட்டர் கீழே. மீதி 2 மீட்டர். வடிகாலின் சாய்வு ஆயிரத்தில் ஒன்று என்றால், 2 கிலோமீட்டர் போனதும் அந்த 2 மீட்டரும் தீர்ந்துபோகும். வடிகாலின் வாய் கடலின் சராசரி மட்டத்துக்கே வந்து நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் புயல் கடலைக் கரைக்குத் தள்ளும் நாளில், ஓதமும் சேர்ந்துகொண்டால் நீர் எந்தப் பக்கம் ஓடும்? 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆகிய வெள்ளங்கள் அந்தப் பதிலைத் தெருவிலேயே எழுதிக் காட்டின. பக்கத்துக் கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டியதில்லை.

இதனோடு மனிதன் செய்ததையும் சேர்க்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டால், ஒரு முறைக்கு 5 செ.மீ. என்று வைத்தாலும், பத்து முறையில் தெரு அரை மீட்டர் உயர்ந்துவிடும். வாசற்படி இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது இதனால்தான். அதற்குள் வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்துவிட்டார்கள். தூக்கிய வீடு குமிழியின் கணக்கில் துல்லியமான மட்டம். குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மனையில் முன்பு நின்ற நீர் எங்காவது போக வேண்டும் அல்லவா? மண் கொட்டி உயர்த்திய மனையிலிருந்து அது பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் போகிறது. அங்கே இருப்பவர் வாடகைக்குக் குடியிருப்பவர். சுவர் அவருடையதன்று, ஜாக்கி வைக்க அவருக்கு உரிமையும் இல்லை. சிகாகோவில் தெருவின் உயரம் முதலில் முடிவாகி, வீடு பிறகு எழுந்தது. இங்கே ஒவ்வொரு வீடும் தன் சுழியைத் தானே வைத்துக்கொள்கிறது.

உங்கள் தெருவின் நிலையை நீங்களே அளந்து பார்க்கலாம். பத்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். நீலம் கலந்த நீரை ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, காற்றுக் குமிழி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரு முனைகளும் திறந்தே இருக்க வேண்டும். உங்கள் வாசற்படிக்கு மேலே நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, மழைநீர் வடிகாலின் வாய்க்கு மேலே எவ்வளவு என்று அளவுகோலால் பாருங்கள், வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. நோட்டுப் புத்தகத்தில் இருபது வீடுகளின் எண்கள் சேர்ந்ததும், வடிகாலைவிடத் தாழ்ந்த வாசற்படிகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அந்தத் தாளை ஐப்பசிக்கு முன்பே வட்டப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.