ஊருக்கொரு ஒலிபெருக்கி, மேசைக்கொரு ஸ்பீக்கர்

கியா பார்மில் மாலை மழை பிடித்துக்கொண்டால், தகரக் கூரையின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. மழை விட்டதும் நிலைமை தலைகீழ். லயத்தில் ஒரு வீட்டுப் பாட்டு நான்காம் வீட்டுக்கும் கேட்கும். அங்கே ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டில், விடியற்காலை பெரட்டுக்குப் போகவேண்டியவர் கண்ணயரப் பார்ப்பார். தோட்ட ஆபீசிலும் இதே கதைதான். ஒரு கிராணி செக்ரோல் கணக்குப் பார்க்க, அதே அறையில் இன்னொருவர் செய்தி கேட்க விரும்புவார். சத்தத்தைக் குறைத்தால் சொல் புரிவதில்லை. கூட்டினால் சண்டை வருகிறது.

மெதுவாக வைத்தாலும் தெளிவாகப் பேசும் ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்பீக்கர் நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

ஒலிபெருக்கி பிறந்ததே கூட்டத்துக்காகத்தான். 1915-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் 'மேக்னவாக்ஸ்' என்ற ஊதுகுழல் ஒலிபெருக்கியைச் செய்தார்கள். 1919-இல் அமெரிக்க அதிபர் வில்சன் சான் டியேகோ நகரில் பெருங்கூட்டத்துக்கு அதன் வழியாகவே பேசினார். எவ்வளவு தூரம் கேட்கும் என்பதே அன்றைய கேள்வி. 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற பொறியாளர்கள் காகிதக் கூம்பை அசைத்து ஒலி எழுப்பும் முறையைச் செப்பனிட்டு வெளியிட்டார்கள். இன்று நம் வீட்டிலுள்ள பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதன் வழித்தோன்றல்களே. நான்கு ஆண்டு கழித்து, 1929-இல், ரசல் என்பவர் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கியா பார்முக்கு அருகிலுள்ள சுங்கை பாலாஸும் அந்த நிறுவனத்தின் தோட்டமே. ஆக, கூம்பு ஸ்பீக்கரும் இந்த மலையின் தேயிலையும் ஏறக்குறைய ஒரு வயதுக்காரர்கள்.

தமிழ் மக்களிடமும் வானொலி முதலில் பொதுச் சொத்தாகவே வந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியபோது, மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் மணலில் அமர்ந்து கேட்டார்கள். இங்கே ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. தன் குரல் மக்களை எட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். கேட்பவர் எந்த நிலையத்தைக் கேட்பது, எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்பதை வேறொருவர் தீர்மானித்தார். இதை நாம் மறக்கலாகாது.

1949-இல் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ரெடிஃப்யூஷன் வந்தது. சந்தா கட்டியவர் வீட்டுக்குக் கம்பி இழுத்து, சுவரில் ஒரு சிறு பெட்டி மாட்டினார்கள். இதற்கிடையே 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, 1954-இல் அதனால் இயங்கும் கைவானொலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பின்னர் அது தோட்டங்களுக்கும் வந்தபோது, மின்கம்பி எட்டாத வீட்டிலும் பேட்டரி போட்டுத் தலைமாட்டில் வைத்துக் கேட்க முடிந்தது. குமிழ் நம் கைக்கு வந்தது. எவ்வளவு தூரம் கேட்கும் என்ற கேள்வி போய், மெதுவாக வைத்தால் புரியுமா என்ற கேள்வி பிறந்தது.

இதற்கு விஞ்ஞானம் முன்பே ஒரு விடை தந்திருந்தது. சத்தம் குறையக் குறைய, நம் காது கனத்த ஓசைகளைக் கேட்கும் திறனில் வெகுவாகப் பின்தங்கிவிடுகிறது என்று பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் அளந்து காட்டினார்கள். தவில் மெலிந்து நாயனம் மட்டும் கேட்பது அதனால்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேச்சில் உயிரெழுத்து ஓசையின் பலத்தைத் தருகிறது. மெய்யெழுத்தே சொல்லைப் பிரித்துக் காட்டுகிறது. மெல்லிய மெய்யோசை மங்கினால் வலி, வழி, வளி மூன்றும் ஒன்றாகிவிடும். தொழிற்சாலை இரைச்சலில் பல்லாண்டு உழைத்தவர்களுக்கு முதலில் மங்குவது உயர்ந்த ஓசைகளே. ஆகவே தாத்தா சத்தத்தைக் கூட்டினால் அவரைக் குறை சொல்ல வேண்டாம். பெட்டியை அவர் பக்கமாக நகர்த்துவோம்.

பிபிசி இந்த வழியைத்தான் பின்பற்றியது. 1970-களில் அதன் பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வண்டியின் இடுக்கமான அறைக்கென்று ஒரு சிறிய ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். அதற்கு அதிரவைக்கும் பலம் இல்லை. அருகிலிருந்து கேட்பவருக்கு மனிதக் குரல் மனிதக் குரலாகவே கேட்டது.

இனி, கடைக்குப் போகும்போது நாம் என்ன பார்க்க வேண்டும்? அட்டையில் போட்டிருக்கும் பெரிய வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். மேசையருகே மெதுவாகக் கேட்க ஒரு வாட்டுக்கும் குறைவே போதும். கடைக்காரர் உரக்க வைத்துக் காட்டுவார். நாம் குறைக்கச் சொல்லி, வீட்டில் கேட்கும் அளவில் ஒரு செய்தியறிக்கையைக் கேட்போம். லகர, ளகர, ழகரங்கள் பிரிந்து கேட்கின்றனவா? குமிழை அடிமட்டத்தில் வைக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கிறதா? ஒன்றும் ஒலிக்காத நேரத்திலும் 'உஸ்' என்ற இரைச்சல் இருக்கிறதா? பேச்சு மட்டும் கேட்பதென்றால் நல்ல ஸ்பீக்கர் ஒன்றே போதும். மட்டமான இரண்டு வேண்டியதில்லை.

வாங்கிய பின் வைக்கும் இடமும் முக்கியம். கைக்கெட்டும் தூரத்தில், முகப்பு நம் காதை நோக்கியிருக்கட்டும். திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் நம்மை வந்தடையும் ஒலியின் வலிமை நான்கு மடங்காகும். அறைக்குள் அவ்வளவு இராவிட்டாலும் பலன் தெரியும். பின்சுவருக்குச் சற்று அருகில் வைத்தால் கனத்த ஓசை கொஞ்சம் கூடும். ஆனால் அடுத்த வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். அடியில் ஒரு மடித்த துணியும் இருக்கட்டும்.

அன்று ஒரு பெட்டி ஊர் முழுவதுக்கும் பேசியது; நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை. இன்று குமிழ் நம் விரலில் இருக்கிறது. நமக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் கெடக்கூடாது. இரண்டையும் தரும் ஸ்பீக்கரே நல்ல ஸ்பீக்கர்.